ஆட்சி மாறலாம், நமது ஈ.பி.எப். காசு?



2024 செப்டெம்பரில் ஜனாதிபதி மாறினார். நவம்பரில் பாராளுமன்றமும் மாறியது. அன்றிலிருந்து தேற்றாத்தீவுப் பக்கம் தென்னந்தோட்ட வேலைக்குப் போகிறவர்களும், மலைநாட்டிலிருந்து வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்களும் சங்கத்திடம் கேட்பது ஒன்றுதான்: புது அரசாங்கம் ஈ.பி.எப். சட்டத்தில் கை வைக்குமா? காசு எடுக்கிற வயதும் அளவும் மாறுமா?

எந்த அரசாங்கமும் கை வைக்கலாம் என்பதே நமது பதில். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது ஊழியர் சேமலாப நிதி. நமது சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தருவது 12 வீதம். அந்தக் காசு நம்முடையது. ஆனால் அதன் விதியை எழுதும் பேனா எப்போதும் ஆட்சியில் இருப்பவர் கையில்தான்.

2011இல் மகிந்த ராஜபக்ச அரசாங்கம் தனியார் துறைக்கு ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டுவந்தது. நமது சம்பளத்தில் மேலும் 2 வீதம் வெட்டுவது அதில் ஒரு பகுதி. மே 30ஆம் திகதி கட்டுநாயக்காவில் தொழிலாளர் வீதிக்கு இறங்கினார்கள். பொலிஸ் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் திரும்பிப் போனது. ஆட்சி அப்படியே இருந்தது. தொழிலாளர் எழுந்ததால் விதி மாறாமல் நின்றது.

2023இல் ரணில் விக்கிரமசிங்க அரசாங்கத்தின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. ஜூலை 1ஆம் திகதி பாராளுமன்றம் அதை 122க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. நமது நிதியத்தின் பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்கச் சொன்னார்கள். மறுத்தால் 14 வீத வரி 30 வீதமாகும் என்றார்கள். நாட்டின் கடன் சுமையில் தேயிலை பறிக்கும் அம்மாவின் சேமிப்புக்கும் பங்கு வந்தது. 9 வீதத்துக்குக் குறையாத வட்டி உண்டு என்று உறுதி சொன்னார்கள். 2022இலும் நமக்கு 9 வீதம்தான் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஏறியது கிட்டத்தட்ட 70 வீதம். பாஸ்புத்தகத்தில் காசு கூடியது, கடையில் அதன் பெறுமதி குறைந்தது.

இனி எல்லைகளைப் பார்ப்போம். பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் முழுக் காசையும் எடுக்கலாம். அதற்கு முன் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் எடுக்கலாம். இது 2012இல் வந்த திருத்தம். அதற்குப் பத்து வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 லட்சம் ரூபாயும் வேண்டும். ஆகக்கூடியது 20 லட்சம்.

உச்ச எல்லையை விட இந்த 3 லட்சந்தான் நம்மைத் தடுக்கிறது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். அந்தச் சம்பளத்தில் மாதம் 20 நாள் பேர் விழுந்த ஒருவருக்கு மாதம் சேர்வது 2,000 ரூபாய். பத்து வருடம் கழித்தும், வட்டி நீங்கலாக, 240,000தான். குறைந்த சம்பளக்காரர் கூரை மாற்றவும் தன் காசைத் தொட முடியாமல் நிற்பார்.

சம்பள உயர்விலும் கவனம் வேண்டும். 2025 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் நாட்சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்கவும், அதற்கு மேல் 200 ரூபாயை அரசாங்கம் வருகை ஊக்குவிப்பாகத் தரவும் முன்மொழிந்தது. உயர்வை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த 200 சம்பளமாக இருந்தால் அதற்கும் 20 வீதம், நாளுக்கு 40 ரூபாய், ஈ.பி.எப்.இல் சேரும். 25 நாளுக்கு 1,000. பத்து வருடத்துக்கு 120,000. கையில் வரும் காசு ஒன்றாகவே தெரிந்தாலும், ஊக்குவிப்பு என்று பெயர் வைத்தால் வயதான காலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

தேங்காய் பறிக்கிறவருக்கும் உரிக்கிறவருக்கும் இன்னொரு செய்தி. நாட்கூலி, எண்ணிக்கைக் கூலி, தற்காலிக வேலை என்று சொல்லி ஈ.பி.எப். இல்லை என்பது சட்டம் அல்ல. தோட்டத்தில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும் முதலாளி கட்ட வேண்டும். அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்குள் கட்டாவிட்டால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு.

ஆகவே எந்தக் கட்சி ஆண்டாலும் நமது கோரிக்கை மூன்று. சம்பள உயர்வு அடிப்படைச் சம்பளத்திலேயே வர வேண்டும். 3 லட்சம் என்ற தடையைப் பெருந்தோட்டத் தொழிலாளருக்குக் குறைக்க வேண்டும். நிதியை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த கட்சி ஆட்சிக்கு வந்தது என்று வாயை மூடுவதும், பிடிக்காத கட்சி என்று மட்டும் கத்துவதும் இந்தக் காசைக் காப்பாற்றாது.

சங்கம் பேசுவதற்குக் கையில் கணக்கு வேண்டும். சம்பளச்சீட்டை அடுப்பில் போடாதீர்கள். வெட்டிய 8 வீதம் கணக்கில் விழுந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு இரண்டு முறை வரும் கூற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளைகள் வாசித்துச் சொல்லட்டும். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் சீட்டோடும் கூற்றோடும் கிளைக்கு வாருங்கள். தொழில் காரியாலயத்துக்கு நாம் சேர்ந்தே போவோம்.