21ஆம் நாளுக்குப் பிறகு

டிரைக்கினெல்லா ஸ்பைராலிஸுக்குப் புதிய மருந்து தேடும் கட்டுரை கைக்கு வந்தால் நான் முதலில் முடிவுரையைப் படிப்பதில்லை. செய்முறைப் பகுதிக்குப் போய், சுண்டெலிக்கு எத்தனையாம் நாளில் மருந்து கொடுத்தார்கள் என்று பார்க்கிறேன். கட்டுரையின் மதிப்பில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

காரணம் நம் எல்லோருக்கும் தெரிந்த வாழ்க்கைச் சுழற்சிதான். சரியாக வேகாத பன்றி இறைச்சியோடோ காட்டு விலங்கின் இறைச்சியோடோ உள்ளே போன லார்வா, இரைப்பையில் உறை கழன்று, சிறுகுடல் சுவரில் புகுந்து, இரண்டொரு நாளில் முதிர்ந்துவிடுகிறது. ஐந்தாறு நாளில் பெண்புழு குட்டி ஈனத் தொடங்கும். அந்தக் குட்டிகள் நிணநீரிலும் இரத்தத்திலும் பயணம் செய்து வரித்தசையை அடைந்து, ஏறத்தாழ 20 நாளில் அங்கே குடியேறி முடிக்கின்றன. அல்பெண்டசோல், மெபெண்டசோல் வகை மருந்துகள் குடலிலிருக்கும் புழுவை நன்றாகவே கொல்கின்றன. ஆகவே மூன்றாம் நாளில் மருந்து கொடுத்த சுண்டெலியின் தசையில் லார்வா குறைந்திருந்தால் வியப்பில்லை. தாய்ப்புழு செத்தது, குட்டி பிறக்கவில்லை. தசை நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நோயாளி மூன்றாம் நாளில் நம்மிடம் வருவதில்லை. வந்தாலும் சாதாரண வயிற்றுப்போக்கு என்று அனுப்பிவிடுகிறோம். முகமும் இமையும் வீங்கி, கெண்டைக்கால் தொட முடியாமல் வலித்து, ஈசினோஃபில் எண்ணிக்கை ஏறி அவர் எதிரில் உட்காரும்போது, சாப்பிட்டு இரண்டு வாரமாவது ஆகியிருக்கும். ஆறு வாரம்கூட ஆகியிருக்கலாம். 1860இல் டிரெஸ்டனில் ஃபிரீட்ரிக் சென்கர் இந்தப் புழு ஆளையே கொல்லும் என்று கண்டறிந்தது, டைபாய்டு என்று கருதப்பட்டு இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் தசையில்தான்.

தசைக்குள் போன லார்வா சும்மா சுருண்டு கிடப்பதில்லை. தான் புகுந்த செல்லின் சுருங்கும் இழைகளைக் கலைத்து, அதன் உட்கருக்களைப் பெரிதாக்கி, சுற்றிலும் கொலாஜன் உறை எழுப்பி, புதிய இரத்த நுண்குழாய்களை வலையாக இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. செவிலி செல் என்று நாம் அழைக்கும் இந்த வீட்டில், மனிதத் தசையில் அது ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அதை எட்ட வேண்டிய அல்பெண்டசோலோ நீரில் எளிதில் கரையாதது. வெறும் வயிற்றில் விழுங்கினால் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படும். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் சில மடங்கு கூடும். பிறகு கல்லீரலில் சல்ஃபாக்சைடாக மாறி, உறையைக் கடந்து, மந்தமாக இயங்கும் ஒரு லார்வாவைத் தாக்க வேண்டும்.

இந்தத் தடையோடு நேராக மல்லுக்கு நிற்கும் ஆய்வுகளே எனக்கு நம்பிக்கை தருகின்றன. சைக்ளோடெக்ஸ்ட்ரின், கைட்டோசான், நானோதுகள் வழியாக மருந்தைக் கரையவைக்கும் முயற்சிகள் அந்த வகை. அடோர்வாஸ்டாட்டினையும் மெட்ஃபார்மினையும் சுண்டெலிகளில் சோதித்து, செவிலி செல்லைச் சுற்றி இரத்த நாளம் வளரத் தூண்டும் புரதத்தைத் தணிக்கப் பார்த்தவர்களும் உண்டு. வீட்டுக்கு வரும் வாய்க்காலையே அடைக்கும் இந்த யோசனை, எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் துணிவானது.

மூலிகைக் கட்டுரைகள் நமக்கு நிறைய வருகின்றன. கருஞ்சீரகத்தையும் மஞ்சளையும் சோதிப்பதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் எகிப்தில் வெள்ளைப்போளத்திலிருந்து செய்த மிரசித், சிஸ்டோசோமியாசிஸுக்கு மருந்தாகச் சந்தைக்கே வந்துவிட்ட பிறகு, வேறு குழுக்கள் சோதித்தபோது குணமானவர்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. இதை நாம் மறக்கக் கூடாது.

தானாகத் தணியும் நோயில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் எதையும் நிறுவ முடியாது. 2022இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், கனடாவிலிருந்து வந்த கரடி இறைச்சியைச் சாப்பிட்ட ஒரு குடும்பத்தில் ஆறு பேருக்கு நோய் கண்டது. இறைச்சி 45 நாள் உறைநிலையில் இருந்தும் டிரைக்கினெல்லா நேட்டிவா சாகவில்லை. மருத்துவமனையில் சேர்ந்த மூவருக்கு அல்பெண்டசோல் கொடுத்தார்கள், மற்ற மூவருக்குக் கொடுக்கவில்லை. ஆறு பேரும் தேறினார்கள். 2000இல் வெளியான தாய்லாந்து ஆய்வு அதனால்தான் இன்றும் அருமையானது. தசை வலியோடு வந்த 46 பெரியவர்களை மெபெண்டசோல், தையபெண்டசோல், ஃபுளுக்கோனசோல், போலி மருந்து என்று பிரித்தார்கள். முதல் இரண்டும் தசை வலியைத் தணித்தன. தையபெண்டசோல் எடுத்தவர்களில் 30 சதவீதத்தினரால் அதன் பக்கவிளைவைத் தாங்க முடியவில்லை. அத்தகைய சோதனைகள் இத்துறையில் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு சொல். கடும் வீக்கத்துக்கும் இதயத்தசை அழற்சிக்கும் அது வேண்டும். ஆனால் குடலிலிருந்து புழுவை வெளியேற்றுவது நோயாளியின் நோயெதிர்ப்பேதான். புழுக்கொல்லி இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் தாய்ப்புழு நீடித்து வாழ்ந்து இன்னும் பல குட்டிகளை ஈனும். சோதனை மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்ப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகவும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இதழிலும் லார்வா எண்ணிக்கையை மட்டும் நம்பிச் சில கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறோம். அந்தப் பொறுப்பு ஆசிரியனான என்னுடையது. தசையைப் பெப்சினில் செரிக்கவைத்து மீட்ட லார்வா உயிரோடிருக்கிறதா, இன்னொரு சுண்டெலியைத் தொற்றுமா என்று பார்க்காத எண்ணிக்கை பாதி விடைதான். லார்வா செத்தபோது கசிந்த புரதம் தசையை மேலும் புண்ணாக்கியதா என்பதும் அதில் தெரியாது. இனி மருந்தைச் சோதிக்கும் கட்டுரைகளில் 21ஆம் நாளுக்குப் பிறகு தொடங்கும் ஒரு குழுவாவது இருக்க வேண்டும். மீட்ட லார்வாவின் தொற்றும் திறன், தசையின் திசுப் படம், பிடிப்பு வலிமை, இரத்தத்தில் மருந்தின் அளவு ஆகியவற்றையும் கேட்போம். எண்ணுபவருக்கு எந்தக் குழு எது என்று தெரிந்திருக்கக் கூடாது.

30ஆம் நாளில் கொடுத்து ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டும் அட்டவணைகள் உங்கள் ஆய்வகங்களில் வெளிவராமல் கிடப்பது எனக்குத் தெரியும். அடுத்த இதழிலிருந்து அவற்றுக்கென்றே பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அனுப்புங்கள்.