புறா மேல என்ன தப்பு?

இயர் எண்டிங் முடிஞ்சு மூச்சு விட்ட கையோட ஒரு புலம்பல்.

2024 கடைசியில பிட்ஜின் 3.0-க்கான முதல் சோதனைப் பதிப்பு (2.90.0) வந்துச்சு. முந்தைய பெரிய பதிப்பான 2.0 வந்தது 2007 மே மாசம்! இதை இங்க நாக்பூர்ல ஒரு தமிழ் குடும்ப விருந்துல சொல்லித் தொலைச்சேன். ஒரே சிரிப்பு. "இன்னும் உயிரோட இருக்கா சார் அது? அதான் வாட்ஸப் இருக்கே!"

சிரிச்சவங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

2007-ல நான் பேங்க்ல சேர்ந்த புதுசு. அப்பா காரைக்குடி ப்ரௌசிங் சென்டர்ல யாஹூ. அக்கா மஸ்கட்ல எம்எஸ்என். காலேஜ் பசங்க கூகிள் டாக். மூணையும் திறந்தா என் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் படுத்துடும். ஊதாப் புறா சின்னம் போட்ட பிட்ஜின், மூணு பேரையும் ஒரே ஜன்னல்ல உட்கார வச்சுது. காசு கேக்கல, விளம்பரம் காட்டல. 1998-ல 'கெயிம்'னு ஆரம்பிச்ச கட்டற்ற மென்பொருள் அது. ஏஓஎல் கம்பெனி பேர் விஷயத்துல நெருக்க, 2007-ல பேரையே மாத்திக்கிச்சு.

அப்புறம் என்ன ஆச்சு? புறா சாகலைங்க. அது போய் உக்காந்த கூரையெல்லாம் ஒவ்வொண்ணா பிரிச்சுட்டாங்க. எம்எஸ்என் பெரும்பாலான நாடுகள்ல 2013. ஏஓஎல் 2017. யாஹூ 2018. ஐசிக்யூ 2024. ஸ்கைப் 2025. கூகிள் டாக் கதைதான் வயித்தெரிச்சல். 2005-ல ஜாபர்ங்கற பொது மொழியில வந்துச்சு, யாரு வேணா வெளியிலேருந்து பேசலாம். கூட்டம் சேந்ததும் கதவைக் கொஞ்சம் கொஞ்சமா சாத்தி, 2022 ஜூன்ல பிட்ஜின் மாதிரி வெளி மென்பொருளுக்கும் தாழ்ப்பாள் போட்டுட்டாங்க.

இப்ப பேங்க்காரனா ஒரு கேள்வி. 2016-ல யுபிஐ வந்துச்சு. காய்கறிக்காரம்மா எந்த பேங்க், எந்த ஆப்னு கேட்டா பணம் அனுப்பறோம்? பேங்க் எல்லாம் பெருந்தன்மையில இதைச் செய்யலைங்க, விதி இருக்கு, செஞ்சுதான் ஆகணும். செல்போன் நம்பரும் அப்படித்தான். 2015 ஜூலைலேருந்து டிரான்ஸ்ஃபர்ல எந்த மாநிலம் போனாலும், எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் அதே நம்பர்.

ஒரு ஆப்லேருந்து இன்னொரு ஆப்புக்கு லட்ச ரூபா போகுது. "சாப்டீங்களா?" மட்டும் போக மாட்டேங்குது!

"ரகசியம் போயிடும்"னு ஒரு சமாதானம் சொல்வாங்க. கஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஐரோப்பாவுல டிஜிட்டல் மார்க்கெட்ஸ் சட்டம் 2024 மார்ச்லேருந்து, கேட்கிற சின்ன ஆப்புக்கும் வாட்ஸப் வழி விடணும், பாதுகாப்பும் குறையக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அங்க கேட்டதை நாம ஏன் கேக்கக்கூடாது?

நமக்கு இது பொழுதுபோக்கு இல்லைங்க. ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு முற்றமும் திண்ணையும் இந்தச் சின்ன ஜன்னல்தான். அதுக்குப் பட்டா நம்ம பேர்ல இருக்க வேணாமா?

அப்பா இப்ப இல்லை. யாஹூவும் இல்லை. ஆனா பிட்ஜின் பேசினதை எல்லாம் என் கம்ப்யூட்டர்லயே கோப்பா எழுதி வச்சிருந்துச்சு. அப்பா தங்கிலீஷ்ல தட்டுத்தடுமாறி அடிச்ச "பணம் அனுப்பாதே, நீ வா" இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு. போன வருஷம் என் தங்கச்சி போன் தொலைஞ்சப்போ, அம்மாவோட அஞ்சு வருஷப் பேச்சும் ஒரேயடியா போச்சு. எந்த ஆப்னு சொல்லி என்ன ஆகப்போகுது?

மூணாவது பதிப்பு முழுசா வந்தாலும் பூட்டின கூரையில புறா இறங்க முடியாது. பூட்டைத் திறக்கச் சொல்ல வேண்டியது நாம.

அதுவரைக்கும் வீட்டுக்கு ஒரு ஜாபர் கணக்காவது வச்சுக்குங்க. முக்கியமான பேச்சை இன்னிக்கே காப்பி எடுத்து வைங்க.

பி.கு: "அதான் வாட்ஸப் இருக்கே"ன்னு சொன்ன அதே நண்பர், 2007-ல "அதான் யாஹூ இருக்கே"ன்னு சொன்னவர் :-)