சட்டைப்பை வேண்டாம், ஒரு சாண் விலகட்டும்



ஊரிலிருந்து பெற்றோர் நம்முடன் தங்க வரும்போது, அவர்கள் கையில் ஒரு கைப்பேசியைக் கொடுத்துவிட்டு நாம் வேலைக்குச் செல்கிறோம். மொழி தெரியாத மாநகரில் அதுவே அவர்களுக்குத் துணை. ஆனால் தந்தையாரின் நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டிருந்தால், அதை எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது தோள்பட்டைக்குக் கீழே, தோலுக்கடியில் வைக்கப்படுகிறது. சட்டைப்பையும் அதன் அருகிலேயே இருக்கிறது. இக்கருவிக்குள் காந்தத்தை உணரும் அமைப்பு ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சை போன்ற வேளைகளில், மருத்துவர் வெளியே காந்தத்தை வைத்துக் கருவியின் போக்கை மாற்றுவதற்காகவே அது அமைக்கப்பட்டுள்ளது. கைப்பேசியிலுள்ள வலுவான காந்தமும் அவ்வாறே செய்துவிடக்கூடும். அப்போது பேஸ்மேக்கர், இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனியாமல் ஒரே வேகத்தில் தூண்டலாம். ஆபத்தான துடிப்பின்போது மின்னதிர்ச்சி தந்து உயிர்காக்கும் ஐ.சி.டி. கருவியோ, அந்நேரம் வாளாவிருந்துவிடலாம்.

காந்த வளையத்துடன் 2020இல் வெளிவந்த ஐபோன் 12 இவ்விதம் ஐ.சி.டி.யைத் தடுத்ததை, 2021இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். கைப்பேசியை இக்கருவிகளிலிருந்து 15 செ.மீ. விலக்கி வைக்குமாறு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அவ்வாண்டு அறிவுறுத்தியது. அஞ்ச வேண்டியதில்லை, காந்தம் விலகியதும் கருவி வழக்கமான பணிக்குத் திரும்பிவிடும்.

ஆகவே பெரியவர்களுக்கு எளிதாகச் சொல்லுங்கள்: நெஞ்சுக்கும் கைப்பேசிக்கும் ஒரு சாண் இடைவெளி. கருவி இடப்புறம் இருந்தால் வலது காதில் பேசட்டும். கைப்பேசியை மார்பின்மேல் வைத்துக்கொண்டு உறங்க வேண்டாம். காந்தம் வைத்த உறைகளுக்கும் இதே விதி. கம்பியில்லாமல் மின்னேற்றும்போது ஒரு முழம் தள்ளியிருப்பது நல்லது. தலைசுற்றலோ படபடப்போ தோன்றினால், முதலில் கைப்பேசியை அப்புறப்படுத்திவிட்டு மருத்துவரை அணுகவேண்டும்.

இன்னொன்றையும் செய்துவையுங்கள். திறவாமலே பிறர் படிக்கக்கூடிய அவசரத் தகவல் பகுதி இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் உண்டு. கருவியின் பெயர், உண்ணும் மருந்துகள், உங்கள் எண் ஆகியவற்றை அதில் ஆங்கிலத்தில் பதியுங்கள். மருத்துவமனை தந்த கருவி அட்டையும் அவர்களுடன் இருக்கட்டும். அவசர உதவிக்கு 112 என்பதையும் கற்றுக்கொடுங்கள். தெருவில் மயங்கி விழுந்தவருக்காக, அவருடைய மொழி அறியாதவரிடம் அந்த அட்டையும் கைப்பேசியுமே பேசவேண்டியிருக்கும்.