மலையேறும் வேனுக்கு எந்த எண்ணெய்?

பழைய நிசான் வேனெட்டில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு புக்கிட் காத்திலிலிருந்து கேமரன் மலைக்குக் கிளம்புகிறவர்கள், எஞ்சின் எண்ணெயில் மட்டும் மலிவு பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேனில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் அடைந்து கிடக்கிறது; தாப்பா ஏற்றத்தில் சூடு தகிக்கும். புதுக் கார்களுக்கான 0டபிள்யூ-20 ரக எண்ணெய் அந்தச் சூட்டில், தேய்ந்த பழைய எஞ்சினுக்குப் போதாதபடி மெலிந்துவிடும். முதலில் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். அது இடம் கொடுத்தால் நம் வெயிலுக்கு 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 இரண்டுமே தாங்கும். போத்தலில் உள்ள ஏபிஐ என்ற தரக் குறியீடு ‘எஸ்’ என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, ‘சி’ என்றால் டீசலுக்கு. போத்தலைத் திருப்பி அதைப் படித்த பிறகே காசைக் கொடுங்கள். மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கும் ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றத்தான் வேண்டும். ஓடாத எஞ்சினிலும் ஈரம் சேரும்.