கவுன்சிலருக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்!

குழாயில் தண்ணீர் வரவில்லை. ஜனங்கள் யாரிடம் போகிறார்கள்? கோட்டைக்குப் போவதில்லை. டெல்லிக்கும் போவதில்லை. காலிக் குடத்தோடு நேராகக் கவுன்சிலர் வீட்டு வாசலுக்குத்தான் போகிறார்கள்.

தெரு விளக்கு எரியவில்லை என்றாலும் அங்கேதான். சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அங்கேதான். தெரு நாய் கடித்தாலும் அங்கேதான். "ஓட்டு கேக்க வந்தப்போ என்னம்மா சொன்னீங்க?" என்று பிடித்துக்கொள்கிறார்கள்.

கவுன்சிலரம்மா என்ன செய்வார்? ஆபீசுக்கு ஓடுவார். "எஸ்டிமேட் போட்டாச்சும்மா. அந்த ஹெட்டுல பணம் இல்லை. டெண்டர் விடணும்" என்பார் என்ஜினீயர். எஸ்டிமேட் என்றால் என்ன? எந்த ஹெட்டில் பணம் இருக்கிறது, எதில் இல்லை? அதை எந்தப் புத்தகத்தில் பார்ப்பது? அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருகிறார். வாசலில் குடம் அப்படியே நிற்கிறது.

இது அந்த அம்மாவின் குற்றமா? நிச்சயமாக இல்லை.

ஒரு பக்கம் படிப்பு, ஒரு பக்கம் வெறுங்கை

பெரிய மாநகராட்சிக்குக் கமிஷனராக வரும் ஐ.ஏ.எஸ். அதிகாரி சும்மா வந்துவிடுவதில்லை. முசோரி அகாடமியில் படிக்கிறார். ஜில்லாவில் பழகுகிறார். வேலை பார்க்கத் தொடங்கும் முன்பே ஏறத்தாழ 2 வருஷப் பயிற்சி அவருக்கு உண்டு. என்ஜினீயர் காலேஜில் 4 வருஷம் படித்தவர். கணக்குப் பிரிவு குமாஸ்தாகூடத் துறைத் தேர்வு எழுதுகிறார்.

இவர்கள் எல்லோரும் வைக்கும் பைல்களுக்கு மன்றத்தில் "சரி" அல்லது "கூடாது" சொல்ல வேண்டியவர் கவுன்சிலர். அவருக்கு மட்டும் பெரும்பாலும் ஓரிரு நாள் வகுப்பு, ஒரு பை, ஒரு கையேடு. அத்தோடு சரி!

முடிவு என்ன? மன்றக் கூட்டத்துக்குக் கட்டுக் கட்டாக அஜெண்டா வருகிறது. கூட்டத்தில் தீர்மான நம்பர்கள் வேகமாக வாசிக்கப்படுகின்றன. "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதப்படுகிறது. கோடிக்கணக்கான ரூபாய் சில நிமிஷங்களில் கைமாறுகிறது. அது யார் பணம்? வீட்டு வரி, தண்ணீர் வரி, தொழில் வரி கட்டுகிற கடைக்காரர் பணம். மாதச் சம்பளக்காரர் பணம்.

அறுந்துபோன சங்கிலி

பழைய கவுன்சிலர் பக்கத்தில் உட்கார்ந்து புதியவர் கற்றுக்கொள்வது ஒரு காலத்து வழக்கம். தமிழ்நாட்டில் அந்தச் சங்கிலியும் அறுந்துபோனது.

சென்னை மாநகராட்சி 1688-ம் ஆண்டு தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையானது. ஆனால் மஸ்டர் ரோல் ஊழலுக்குப் பிறகு 1973-ல் மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி கவுன்சிலர்கள் வந்து உட்கார்ந்தது 1996-ல். 23 வருஷம் அதிகாரிகள் ஆட்சி!

பிறகு 2016 அக்டோபரில் பதவிக் காலம் முடிந்தது. நகர்ப்புறங்களில் அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ந்தேதி. நடுவில் 5 வருஷத்துக்கு மேல் வார்டுக்கு ஆளே இல்லை. அனுபவம் எங்கிருந்து வரும்?

அந்தத் தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் முதல் தடவையாக மன்றத்துக்குள் கால் வைத்தார்கள். சென்னைக்கு 28 வயது பிரியா மேயரானார். கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக ஆட்டோ ஓட்டிய சரவணன் வந்தார். ஜனநாயகத்துக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன?

பட்டம் கேட்காதே, பாடம் கொடு

"படிக்காதவங்களை நிக்கவே விடக் கூடாது" என்று டீக்கடையில் சிலர் பேசுகிறார்கள். அரியானாவில் 2015-ல் அப்படியே ஒரு சட்டம் போட்டார்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் பொதுப்பிரிவு ஆண்கள் 10-ம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்றார்கள். பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ராஜஸ்தானிலும் அப்படி ஒரு சட்டம் இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நல்லது.

ஏன்? பள்ளிக்கூடம் போக முடியாமல் போனது ஏழையின் தப்பு அல்ல. பள்ளிக்கூடம் கட்டாதவர்கள் தப்பு. அதற்கு ஏழைக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கும் உரிமை ஜனங்களுடையது. தேர்ந்தெடுத்தவருக்குத் தொழில் கற்றுத் தருவது சர்க்காரின் கடமை.

அமெரிக்காவில் மேயருக்கு வகுப்பு

படித்தவர்களுக்கும் இந்தப் பாடம் தேவை. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி கல்லூரியில் மாநில, உள்ளாட்சித் தலைவர்களுக்கு 3 வார வகுப்பு பல வருஷமாக நடக்கிறது. கட்டணம் கண்ணைக் கட்டும். அதனால் அறக்கட்டளைகள் உபகாரச் சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்புகின்றன.

2016-ல் நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் அறக்கட்டளை ஹார்வர்டுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. வருஷத்துக்கு 40 மேயர்களைக் கூட்டிவந்து பாடம் சொல்லித் தரும் திட்டம் அது. மேயர்கள் கைக்காசு போட வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேயர் மட்டும் படித்தால் போதாது என்று ஒவ்வொரு நகரத்திலிருந்தும் மூத்த அதிகாரிகள் 2 பேருக்கும் வகுப்பு நடத்துகிறார்கள். தலைவருக்கும் அதிகாரிக்கும் ஒரே பாடம்! ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளாவில் திருச்சூர் அருகே 'கிலா' என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் 1990-ல் ஆரம்பமானது. 1996-ல் அந்த மாநில அரசு, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவு செய்தது. பணத்தைக் கொடுத்த கையோடு, அதைச் செலவழிக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்க ஆளும் வைத்திருந்தார்கள். அதுதான் விஷயம்.

இங்கே ஒன்றுமே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. மறைமலைநகரில் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கோவையில் நகரியல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு 2022 முதல் 2026 வரை பஞ்சாயத்துகளைப் பலப்படுத்தும் பயிற்சித் திட்டத்துக்கு 5 ஆயிரத்து 911 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2024-ல் பஞ்சாயத்துத் தலைவர்களை ஐ.ஐ.எம். போன்ற பெரிய நிறுவனங்களுக்கே அனுப்பி 5 நாள் வகுப்பு நடத்தத் தொடங்கியது. பாராட்ட வேண்டியதுதான். அது கிராமத்துக்கு. நகரத்துக் கவுன்சிலர்கள்மீதும் அதே அக்கறை வேண்டாமா?

கட்டிடம் இருந்தால் மட்டும் போதாது. இட்லிக் கடை நடத்துகிற ஒரு கவுன்சிலரம்மா 5 நாள் கோவைக்குப் போனால் 5 நாள் அடுப்பு எரியாது. கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள்? 2023-ல் தமிழக அரசு மதிப்பூதியம் அறிவித்தது. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10 ஆயிரம். நகராட்சியில் 5 ஆயிரம். பேரூராட்சியில் 2 ஆயிரத்து 500 ரூபாய். இதை வைத்துக்கொண்டு தொழிலை மூடிவிட்டுப் படிக்கப் போ என்றால் யார் போவார்?

அதனால்தான் உபகாரச் சம்பளம் வேண்டும் என்பது. பஸ் சார்ஜும் சாப்பாடும் மட்டுமல்ல. இழந்த நாள் வருமானத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தையோடு வரும் தாய்மாருக்கு ஆயா வேண்டும். முழுப் பாடமும் தமிழில் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் வெளியே!

இன்னொரு விஷயம். பல வார்டுகளில் ஜெயித்தது மனைவி, நாற்காலியில் உட்காருவது கணவர். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, எங்கிட்டே சொல்லுங்க" என்கிறார் அவர். தெரியாமல் வைத்திருந்தால் எப்படித் தெரியும்? வகுப்பறைக்குள் வீட்டுக்காரருக்கு இடம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பட்ஜெட்டை அந்த அம்மாவே படிக்கப் பழகிவிட்டால், அப்புறம் யாரும் அவர் பெயரில் கையெழுத்துப் போட முடியாது.

என்ன சொல்லிக் கொடுப்பது? பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம். பட்ஜெட்டில் தன் வார்டுக்கு என்ன வந்தது என்று பார்க்கத் தெரிய வேண்டும். எஸ்டிமேட்டையும், போட்ட ரோட்டையும், என்ஜினீயர் எழுதிய அளவுப் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். அஜெண்டாவில் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். 2022-ல் வந்த விதிகளின்படி ஏரியா சபையைக் கூட்டி ஜனங்களிடம் கணக்குச் சொல்லத் தெரிய வேண்டும். இந்த நாலும் தெரிந்தால் போதும்.

ஊர் சுற்றவா?

"டிரெயினிங்னு சொல்லிட்டு மலை ஸ்டேஷன் சுத்திட்டு வருவாங்க. நம்ம வரிப்பணம் போகும்" என்று பஸ்சில் ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 'ஸ்டடி டூர்' என்ற பெயரில் போய்விட்டு, சால்வையோடும் போட்டோவோடும் திரும்பிய கதைகள் ஜனங்களுக்குத் தெரியும்.

அதற்கும் வழி இருக்கிறது. போய் வந்த கவுன்சிலர் ஒரு மாதத்துக்குள் ஏரியா சபையைக் கூட்ட வேண்டும். என்ன படித்தார், எவ்வளவு செலவு, வார்டில் எதை மாற்றப் போகிறார் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் பணத்தைத் திருப்பி வாங்க வேண்டும். வகுப்புக்குப் போகாதவர் பெயரை ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்த்து ஆள் பொறுக்கக் கூடாது.

கவுன்சிலருக்கு விவரம் தெரிந்துவிட்டால் சிலருக்குக் கஷ்டம்தான். கான்டிராக்டருக்குக் கஷ்டம். பைலை மறைக்கிற அதிகாரிக்குக் கஷ்டம். கட்சி சொன்னபடி கையைத் தூக்கச் சொல்லும் வட்டம், மாவட்டத்துக்கும் கஷ்டம். இந்தப் பள்ளிக்கூடம் இத்தனை நாள் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று ஜனங்கள் கேட்டால் என்ன பதில்?

பதவி ஏற்ற 3 மாதத்துக்குள் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் முழுப் பயிற்சி. வருமானம் இழப்பவருக்கு உபகாரச் சம்பளம். பக்கத்து நாற்காலியில் அதே வார்டு என்ஜினீயருக்கும் பாடம். இதைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

ஒரு மேம்பாலம் கட்டும் செலவில் சிறு பகுதி போதும். அரசு செய்யுமா?