பூரணிக்கு ஒரு லயத்து வீடு

அறுபதுகளில் பிறந்த ஓர் அரவிந்தனையோ பூரணியையோ எங்கேயாவது சந்தித்தால், அவர்கள் வீட்டில் அப்போது ‘கல்கி’ வாங்கினார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வரும். நா. பார்த்தசாரதி ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் அந்த இதழில் எழுதிய ‘குறிஞ்சி மலர்’ தொடர்கதையின் நாயகன் அரவிந்தன், நாயகி பூரணி. தொடர் வந்துகொண்டிருந்த காலத்திலும் அது புத்தகமான பிறகும் வாசகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களை வைத்தார்கள். ஒரு கதைக்கு இதைவிடக் கனமான மதிப்புரையை எந்த விமர்சகரும் எழுதிவிட முடியாது.

இத்தனைக்கும் அது அரண்மனைக் கதை அல்ல. பூரணி திருப்பரங்குன்றத்துப் பெண். தமிழ்ப் பேராசிரியராக இருந்த அப்பா இறந்துபோக, தம்பி தங்கைகளைக் காப்பாற்ற வேலை தேடி அலைகிறவள். அரவிந்தன் மதுரையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிற, குறிப்பேட்டில் கவிதை எழுதிவைக்கிற இளைஞன். ஒரு கோயில் ஊர், ஓர் அச்சுக்கூடம், நடுவில் கொஞ்சம் கோடைக்கானல் பனி. இவ்வளவுதான் களம். கடைசியில் அரவிந்தன் நோயில் விழுந்து இறந்துபோகிறான். அவனைச் சாகடித்ததற்காக நா.பா.வை மன்னிக்காத வாசகர்கள் உண்டு. மன்னிக்காதவர்களும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் தூர்தர்ஷன் தொடரில் அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின் என்பதைச் சொன்னால், இன்றைய பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அந்தச் செய்தியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சின்ன ஊர்க் காதல் கதைகளுக்கு ஆங்கிலப் புத்தகக் கடைகளில் தனி அலமாரியே இருக்கிறது. ராபின் கார் எழுதிய ‘வர்ஜின் ரிவர்’ வரிசை 2007-ல் தொடங்கி, 2019-ல் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது. டெபி மக்கோம்பர் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘சீடர் கோவ்’ என்று ஒரு கடலோர ஊரைக் கற்பனையில் கட்டினார். அதற்கு மாதிரி, அவர் வாழ்ந்த வாஷிங்டன் மாநிலத்து போர்ட் ஆர்ச்சர்ட். 2009-ல் அந்த ஊரே ‘சீடர் கோவ் நாட்கள்’ என்று விழா எடுத்தது. கதையில் படித்த தெருவையும் கடையையும் கண்ணால் பார்க்க வாசகர்கள் வந்து இறங்கினார்கள். இல்லாத ஊருக்குப் போக வேண்டும் என்று வாசகர் ஆசைப்பட்டால், இருக்கிற ஊர் பெயரை மாற்றிக்கொண்டு நிற்கிறது!

தமிழ் வாசகர் விழாவுக்குப் போகிறவர் அல்ல, சண்டைக்குப் போகிறவர். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தபோது எழுந்த கூச்சல் இன்றுவரை பேசப்படுகிறது. மழைநாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெட்டுப்போய் வந்த மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தாய் சொல்லிவிடுகிறாள். அது எப்படிச் சொல்லலாம் என்று வாசகர்கள் கொதித்தார்கள். ஜெயகாந்தன் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று ஒரு நாவலே எழுதினார். அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதன் நாயகி கங்கா, தன் கதையைப் போலவே இருக்கிற ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். வாசகியே பாத்திரமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். 1972-ல் அந்த நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கோபித்துக்கொண்ட வாசகர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கோபமும் பாசமும் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. மலேசியத் தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன்’ 1917-ல் வெளிவந்தபோது, ‘அல்லது காதலின் மாட்சி’ என்று தலைப்பிலேயே காதலைச் சேர்த்துக்கொண்டது. 1924-ல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு படி மேலே போயிற்று. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். குறை சொல்லிக்கொண்டிருந்த வாசகரை, சரி, நீயே எழுது என்று உட்காரவைத்த ஏற்பாடு அது. பிறகு கு. அழகிரிசாமி அந்த இதழின் ஆசிரியராகக் கோலாலம்பூருக்கு வந்து 1957 வரை இருந்தார். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் ஒரு தலைமுறையே இப்படி ஞாயிறு பதிப்பை நம்பி வளர்ந்தது.

தோட்டங்களில் ஒரு பத்திரிகை ஒரு வீட்டோடு நின்றதில்லை. படித்தவர் வாசிக்க, படிக்காதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது மலாயாத் தோட்டப்புறமெங்கும் இருந்த வழக்கம். அச்சில் ஒரு வாசகர் என்றால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பத்து வாசகர்கள். இந்தக் கேட்கிற வாசகர்கள்தான் கறாரானவர்கள். எழுத்தின் அழகுக்கு மயங்கிவிட மாட்டார்கள். அவள் கையில் காசே இல்லை என்று போன வாரம் சொன்னாயே, இந்த வாரம் எப்படிப் புதுப்புடவை கட்டினாள் என்று நேராகக் கேட்பார்கள். ரமணிசந்திரன் காலத்தில் கேட்பது போய்ப் படிப்பது பெருகியது. நூற்றுக்கு மேல் நாவல் எழுதிய அவருக்கு மலேசியாவிலும் பெரிய வாசகியர் கூட்டம். கல்யாணத்தில் முடியும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துதான் படிக்கிறார்கள். முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறீர்கள் என்று அவர்களைக் கேலி செய்கிற பண்டிதர்கள், ராமாயணத்தை எத்தனை தடவை கேட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இனி கேமரன் மலைக்கு வருவோம். 1885-ல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கிய மலை. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் பாரத் தேயிலை வந்தது. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்ட கைகளில் தமிழர் கைகள் முக்கியமானவை. தானா ராத்தா, ரிங்லெட், போ தோட்டம் என்று தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. மலையும் முருகனும் சேர்ந்தால் குறிஞ்சித் திணை. சங்கப் புலவர்கள் காதலர்களைச் சந்திக்கவைத்த நிலம். ஆனால் இந்த மலையை உலகம் அறிந்த காதல் கதையாக்கியது தமிழ் அல்ல, ஆங்கிலம்.

பினாங்கில் பிறந்த டான் ட்வான் எங் 2012-ல் எழுதிய நாவல் ‘தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்’. அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 2019-ல் படமும் ஆனது. ஜப்பானியச் சிறை முகாமில் இருந்து உயிர் தப்பிய சீனப் பெண்ணுக்கும், ஜப்பானியப் பேரரசரின் தோட்டக்காரராக இருந்த அரிதோமோவுக்கும் இடையிலான உறவுதான் கதை. நடக்கும் காலம் மலாயா அவசரகாலத்தின் நடுவே, 1951. பக்கத்திலேயே ‘மஜூபா’ தேயிலைத் தோட்டம், அதன் சொந்தக்காரர் தென்னாப்பிரிக்காவில் இருந்து வந்த ஒரு போயர். அருமையான நாவல், சந்தேகமே இல்லை. ஆனால் லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் படித்தால் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: மஜூபாவில் கொழுந்து பறித்தவர்கள் யாரையுமே காதலிக்கவில்லையா? அவர்கள் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். டான் ட்வான் எங்கைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் தனக்குத் தெரிந்த கதையை எழுதினார்.

தமிழ் எழுத்தாளர்கள் தோட்டத்தைத் தொடாமல் இல்லை. 1975-ல் மலேசியாவுக்கு வந்துபோன அகிலன் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். தலைப்பே சொல்கிறது, அது ரப்பர். மலேசியத் தமிழ் இலக்கியம் பால்மரத்துக்குக் கொடுத்த பக்கங்களைக் கொழுந்துக் கூடைக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் என் குறை. பூரணியின் கோடைக்கானல் பனியைப் படித்த கேமரன் மலை வாசகிக்கு, ஜன்னலைத் திறந்தால் அதே பனி. கதையில் மட்டும் அவள் ஊர் இல்லை.

இன்று அங்கே நடப்பதாக ஒரு தொடர்கதை வந்தால் என்ன ஆகும்? முதல் வாரமே கடிதம் வரும். எழுத்தாளர் கட்டாயம் ஒரு பெண்ணை முதுகில் கூடையோடு நிறுத்தி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளவைப்பார். பெரிய தோட்டங்களில் அந்தக் காட்சி அருகிவிட்டது. பெட்டி வைத்த பெரிய கத்தரியால் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வரிசைக்கு இருபுறமும் இருவர் நின்று இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பை உப்பிக்கொண்டே வர, செடியின் தலையைச் சீவிக்கொண்டு போகிறார்கள். வெட்டிய இடத்துக்கு மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி வருவார்கள். வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். லயத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். மலையில் தங்கியவர்கள் காய்கறித் தோட்டம், லாரி, ஹோட்டல், கடை என்று பிழைக்கிறார்கள். காதலுக்குத் தடையாக ஜாதியையும் பணக்கார மாமாவையும் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பையன் கீழே, பெண் மேலே. நடுவில் தாப்பா சாலையின் வளைவுகள். சனி ஞாயிறில் ஸ்ட்ராபெரி வாங்க வருகிற கார்களின் நெரிசல்.

களத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் தாப்பா வழியும் சிம்பாங் பூலாய் வழியும் பேராக் மாநிலத்தில் இருந்துதான் ஏறுகின்றன. குவாந்தானில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள் என்று எழுதினால் வாசகர் விடமாட்டார், எந்தச் சாலையில் வந்தார்கள் என்று கேட்பார். துயரத்துக்கும் கற்பனை தேவையில்லை. 2013 அக்டோபரில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களைக் கொண்டுபோன வெள்ளத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. அதைத் தொடுகிற எழுத்தாளர் தேதியைக்கூடத் தப்பாக எழுதக் கூடாது.

இப்படிப் பிழை பிடிக்கிற வாசகரைப் பார்த்து எழுத்தாளர்கள் சலித்துக்கொள்வது உண்டு. கதைதானே என்பார்கள். அது நியாயமில்லை. பிள்ளைக்குப் பூரணி என்று பெயர் வைத்தவரும், அந்தச் சாலை அங்கே இல்லை என்று கடிதம் போடுகிறவரும் ஒரே ஆள்தான். கதையைத் தன் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டவர். கண்டுகொள்ளாமல் பக்கத்தைப் புரட்டுகிறவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

‘தமிழ் நேசன்’ 2019 ஜனவரி இறுதியோடு நின்றுவிட்டது. ஞாயிறு பதிப்புக்குக் கதை கேட்கிற மற்ற நாளிதழ்கள் இருக்கின்றன. அவற்றின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த காதல் தொடரைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டாம். ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ வளர்ந்த ஒருவரைப் பிடித்து எழுதச் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புமுன், தேயிலைக் காட்டில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் திருத்தங்களைப் போட்டுவிட்டு வெளியிடுங்கள்.