தொப்பூர்க் கணவாயும் விரைவுக் கார்களும்

நம் மாணவர் விடுதியில் இரவு உணவுக்குப்பின் நிகழும் வாதங்களுள் தேர்வு நெருங்கும் நாட்களிலும் ஓயாதது ஒன்றுண்டு. எளிய விலையில் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களுள் எது சிறந்தது என்பதே அது. பின்சக்கரங்களால் உந்தப்படுவதே உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்பதில் வாதிப்போர் அனைவரும் ஒருமனப்பட்டிருப்பர். பின்னர் ஒருவர் தாம் விரும்பும் வண்டியின் குதிரைத்திறனைக் கூறுவார். மற்றொருவர் அதனினும் பெரியதோர் எண்ணைக் கூறுவார். பெரிய எண் வென்றதாகும்.

தமிழ் பயில்வோன் இவ்வழக்கில் தலையிடுதல் தகுமோ என வினவுவார் இருக்கலாம். யான் நல்லம்பள்ளியினன்; தெற்கேயுள்ள தொப்பூர்க் கணவாயில் வண்டிகள் ஏறுவதையும் இறங்குவதையும் கண்டு வளர்ந்தவன். ஆற்றல், அடக்கம், விலை என்னும் மூன்றனுள் அடக்கமே முதற்கண் வைத்து எண்ணத்தக்கது என்பது என் துணிபு. வளைவிலும் சரிவிலும் வண்டி ஓட்டுவோன் கருத்துக்கிசைந்து நடக்குந் தன்மையையே ஈண்டு அடக்கம் என்கின்றேன்.

பின்சக்கர உந்துதலின் சிறப்பு யாது? முன்சக்கரங்களே திருப்பவும் இழுக்கவும் வேண்டிய வண்டியில், சாலையைப் பற்றும் அவற்றின் வலிமை இரண்டு தொழில்களுக்குப் பகிர்ந்து செலவாகின்றது. பின்சக்கரங்கள் உந்தும் வண்டியிலோ முன்சக்கரங்கள் திருப்புந் தொழிலை மட்டும் செய்கின்றன. விரைவு கூடுங்கால் பாரம் பின்னோக்கிச் சாய்தலால் பின்சக்கரங்கள் சாலையை இன்னும் இறுகப் பற்றுகின்றன. ஆயினும், நனைந்த வளைவிலே அளவுக்கு மிஞ்சி உந்தினால் வண்டியின் பின்புறம் வழுக்கிச் சுழலும். இறக்கத்தில் பாரம் முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்களின் பிடி தளர்வதால் அவ்வச்சம் மிகும். ஆதலின் இவ்வமைப்புப் பயின்ற கைக்கு வரமும் பயிலாத கைக்குச் சோதனையும் ஆகும்.

பின்சக்கர உந்துதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. அம்பாசிடர், பியட், 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் அவ்வமைப்பின. 1983-இல் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர உந்துதலை வீடுதோறும் பரப்பியது. திருமண ஊர்வலத்தில் அம்பாசிடர் ஏறிச்சென்ற நம் பாட்டனார் எவரும் தாம் ஸ்போர்ட்ஸ் கார் ஏறியதாக எண்ணியிரார். எனவே, உந்தும் சக்கரம் எது என்பது மட்டும் வண்டியின் தகுதியை முடிவு செய்யாது.

இனி, அமெரிக்காவில் 2024-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 30,000 டாலர் தொடக்க விலைக்கு விற்ற மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம். மாஸ்டா எம்.எக்ஸ்.-5 வண்டியின் ஆற்றல் 181 குதிரைத்திறன், டொயோட்டா ஜி.ஆர். 86 வண்டியினது 228. நான்கு சிலிண்டர் போர்டு மஸ்டாங்கினது 315. இவ்வளவில் நிறுத்தினால் மஸ்டாங்கே வென்றது. ஆனால் எடையையும் நோக்குக. மாஸ்டா ஏறக்குறைய 1,070 கிலோ. டொயோட்டா 1,280 கிலோ. மஸ்டாங் 1,630 கிலோ. ஒரு டன் எடைக்கு எத்துணைக் குதிரைத்திறன் என வகுத்துப் பார்த்தால் முறையே 169, 178, 193 என வரும். முக்கால் மடங்கு மிகுதியாகத் தோன்றிய ஆற்றல், தன் உடலையே சுமக்க வேண்டியிருத்தலால், ஏழில் ஒரு பங்கு மிகுதியாகச் சுருங்கிவிட்டது. எண்ணைக் கூறி வென்றவர் கூறாது விட்டது இதுவே.

அடக்கத்தில் முறைமை மாறுகின்றது. மாஸ்டாவின் பாரம் முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டுள்ளது. டொயோட்டாவின் எஞ்சினில் சிலிண்டர்கள் படுக்கைவாட்டில் அமைந்திருத்தலால் அதன் பாரம் தாழ்ந்து நிற்கின்றது. இவ்விரண்டும் இருப்பதைக் கொண்டு திருந்த நடக்கும் வண்டிகள். 1989-இல் தோன்றிய எம்.எக்ஸ்.-5, 2016-க்குள் பத்து லட்சம் வண்டிகளாகப் பெருகியதற்குக் குதிரைத்திறன் காரணமன்று. கருதியவாறே திரும்பும் எளிமையே காரணம்.

எடையின் பொருளைத் தொப்பூர் இறக்கத்தில் நன்கு உணரலாம். ஒரே வேகத்தில் இறங்கும் இரு வண்டிகளுள் ஒன்று மற்றதனினும் ஒன்றரை மடங்கு கனமாயின், அதனை நிறுத்த அதன் பிரேக்குகள் ஒன்றரை மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டும். வேகமே இருமடங்காயின் வெப்பம் நான்கு மடங்காகும். எஞ்சினின் தடுப்பும் இன்றேல் முழுச்சுமையும் பிரேக்கின்மேல் விழும். எண்ணெய் மிச்சமாகும் எனக் கருதிக் கியரை விலக்கி இறங்கும் லாரிகளுக்கு நேர்வது இதுவே. 2020 டிசம்பரில் இக்கணவாயில் ஒரு லாரி பல வண்டிகளில் மோத நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் நேர்ந்த மோதலிலும் நால்வர் மாண்டனர். அவை ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்ல என்பது உண்மை. ஆயினும் சரிவின் விதி லாரிக்கொன்று காருக்கொன்று என இருப்பதில்லை.

ஆற்றல் மிகுந்தால் முந்திச் செல்லுங்கால் ஆபத்தினின்று விரைந்து விலகலாமே என நண்பர் கூறுவர். அஃது ஏற்றத்தில் ஓரளவு உண்மை. ஆனால் இறக்கத்தில் எவர்க்கும் ஆற்றல் குறைவதில்லை. மலையே அதனை வேண்டாமலே வழங்குகின்றது. ஆண்டுக் குறைவது அடக்கமே. விரைவே வேண்டுவோர்க்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. எதிரே பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து வாராத இடம் அதுவே.

விலையைப் பற்றியும் சிறிது கூறுவேன். கோபுரம் எழுப்பக் கருதுவோன் முன்னரே அமர்ந்து செலவை எண்ணவேண்டாவோ என நம் ஆண்டவர் வினவியதை நாம் அறிவோம். மாஸ்டாவும் ஜி.ஆர். 86 வண்டியும் நம் நாட்டில் முறையாக விற்கப்படுவதில்லை. 40,000 டாலருக்குட்பட்ட அயல்நாட்டுக் கார்களின் சுங்கம் 2023-இல் நூற்றுக்கு 70 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வீதப்படி, ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய் பெறும் வண்டிக்குச் சுங்கமே 17 லட்சத்தைக் கடக்கும்; பிற வரிகள் அதன்மேல் வரும். அங்கே எளிய விலை என்பது இங்கே எளிதன்று.

ஆனால் ஆற்றல் வேறொரு வழியாக நம் வாயிலுக்கு வந்துவிட்டது. 2024 நவம்பரில் மஹிந்திரா நிறுவனம் அறிமுகம் செய்த பி.இ. 6 என்னும் மின்சார வண்டியும் பின்சக்கரங்களால் உந்தப்படுவதே. அறிமுகத்தின்போது அதன் தொடக்க விலை 18.90 லட்சம் ரூபாய்; ஆற்றல் 228 குதிரைத்திறன். ஜி.ஆர். 86 வண்டியின் ஆற்றலும் அதுவே அன்றோ? மின்கலங்களின் பாரத்தைச் சுமந்து, ஓசையின்றி, மிதித்த கணமே பாயும் வண்டி அது. முன்னாளில் ஆற்றலின் விலை மிகுதியாயிருந்தமையால், அதனைப் பெறுமுன் பலர் பல்லாண்டு ஓட்டிப் பழகியிருந்தனர். இந்நாளில் ஆற்றல் மலிந்து விட்டது, பழக்கம் மலியவில்லை. என் அச்சமெல்லாம் இவ்விடைவெளியைக் குறித்ததே.

எங்கள் ஊருக்கு அணித்தே அதியமான்கோட்டை உள்ளது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வலிமையைப் பகைவர்க்கு உணர்த்தப் புகுந்த ஔவையார் தேர்களின் எண்ணிக்கையைக் கூறினாரல்லர். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்தை அவனுக்கு உவமை கூறினார். புறநானூற்றின் 87-ஆம் பாட்டில் இதனைக் காணலாம். அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 102-ஆம் பாட்டிலோ, மேடும் பள்ளமுமான வழியில் இளைய எருதுகளைப் பூட்டிப் பாரமேற்றிச் செல்லும் உப்பு வணிகர், நேரக்கூடியதை எண்ணி வண்டியின் அடியில் கட்டிவைத்த சேம அச்சை உவமையாக்கினார். அவர் புகழ்ந்தது ஓட்டத்தையன்று. பொறுப்போடு செய்த சக்கரத்தையும் முன்னெண்ணத்தோடு கட்டிய அச்சையுமே.

ஆகவே அம்மூன்று வண்டிகளுள் எதனைத் தேர்வாய் என விடுதி நண்பர் வினவின், ஆற்றலிற் கடைப்பட்ட மாஸ்டாவையே யான் சுட்டுவேன். எதனையும் வாங்கும் நிலை நம்மிற் பலர்க்கு இன்று இல்லை. ஆயினும் வாதிக்கும் நாளில் பழகிய அளவுகோலே வாங்கும் நாளிலும் நம் கையில் இருக்கும். இன்றிரவு வாதம் தொடங்கும்போது முதல் வினாவை மட்டும் மாற்றிக்கொள்வோமாக. எவ்வளவு ஓடும் என்று கேட்குமுன், நாம் நினைத்த இடத்தில் நிற்குமா என்று கேட்போம்.